அத்திபெலேயில் வாயை மூடிய நாள்

சிரித்தவர்கள் கொடுப்பார்கள் என்று நான் உண்மையிலேயே நம்பினேன். ஒரு மனிதரை வயிறு குலுங்கச் சிரிக்க வைத்துவிட்டால், அவர் கை தானாகச் சட்டைப்பைக்குப் போகும் என்பதுதான் என் பொருளாதாரக் கொள்கை.

அப்போது ஒக்கலிபுரத்தில் நாங்கள் சிலர் சேர்ந்து தொடங்கிய மாலைப் படிப்பகம் ரயில் பாதையை ஒட்டிய ஒரு வாடகைக் கொட்டகையில் நடந்துகொண்டிருந்தது. பெரும்பாலும், சுரங்கம் மூடியபின் தங்கவயலிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள். ரயில் போகும்போது பாடம் நிற்கும். கடைசிப் பெட்டி தாண்டியதும் டீச்சர் விட்ட வார்த்தையிலிருந்து தொடர்வார். மழை வந்தால் தகரக் கூரையின் இரைச்சலில் பாடமே கிடையாது, எல்லோரும் சேர்ந்து பாட்டுதான். இன்றும் எங்காவது தகரத்தில் மழை விழுந்தால், தரையில் விரித்த ஈரச் சாக்கும் சாக்பீஸும் கலந்த அந்த வாசனை எனக்கு வந்துவிடுகிறது.

கொட்டகையின் சொந்தக்காரர் இடத்தை விற்கப்போவதாகச் சொன்னார். மழைக்காலத்துக்குள் நாங்கள் வாங்கிக்கொண்டால் சரி, இல்லாவிட்டால் வேறு ஆள் தயார். நிதி திரட்டக் குழு போட்டோம். நன்றாகப் பேசுவேன் என்பதற்காக என்னைத் தலைவராக்கினார்கள். அன்றிலிருந்து ரயில் சத்தம் கேட்டாலே, பிள்ளைகள் நடுத்தெருவில் உட்கார்ந்து படிப்பதுபோல் தோன்றிப் பயம் பிடிக்கும். பயந்தால் எனக்கு ஜோக் பெருக்கெடுக்கும். அது ஒரு வியாதி.

நகரத்துக்கு வெளியே அத்திபெலேயில் ஒரு பெரிய கம்பி, சிமெண்ட் வியாபாரி இருந்தார். அவர் கொடுத்தால் மற்றவர்களும் கொடுப்பார்கள். இரண்டு முறை தனியாகப் போனேன். இரண்டு முறையும் கண்ணில் நீர் வரச் சிரித்தார், காபி கொடுத்தார், "அடிக்கடி வாங்க சார்" என்று பஸ் ஏற்றிவிட்டார்.

குழுவின் பொருளாளர் என் பள்ளித்தோழி. திரும்பி வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாப்பா ஆச்சு? பணம் கேட்டியா இல்லியா?"

"கேட்டேன். அவரு யோசிச்சாரு. பார்க்கவே பாவமா இருந்துச்சி. 'அவசரமில்ல, பேரன் கல்யாணத்துக்கு வர்ற மொய்யில குடுங்க'ன்னு ஒரு ஜோக் வுட்டேன்."

தலையில் அடித்துக்கொண்டாள். "அவரு யோசிச்சதே குடுக்கலாமான்னுதான்பா! நீயே வேணாம்னு சொல்லிட்டு வந்திருக்க. அடுத்த தடவ நான் கேக்கறேன். அவரு பதில் சொல்ற வரைக்கும் நீ வாயத் தொறந்த, அங்கயே வுட்டுட்டு வந்துருவேன்."

மூன்றாம் முறை இருவரும் போனோம். வியாபாரியின் மனைவி நெய் ஊற்றி ஒப்பட்டு வைத்தார், நம்ம போளிதான். என் தோழி சுற்றி வளைக்கவில்லை.

"அண்ணா, அந்த எடத்தோட வெலையில பாதி நீங்க குடுக்கணும். மீதிய நாங்க ஊரெல்லாம் கேட்டுக்கறோம்."

பிறகு மௌனம். அப்படியொரு மௌனத்தை நான் சாவு வீட்டில்கூடக் கேட்டதில்லை. மின்விசிறி சுற்றியது. வெளியே லாரியில் கம்பி இறக்கினார்கள். மூன்று ஜோக்குகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு என் தொண்டைக்கு வந்தன. வேறு வழி தெரியாமல் முழு ஒப்பட்டையும் வாய்க்குள் திணித்தேன். நெய் முழங்கைக்கு வழிந்தது. அந்த அம்மா பசி என்று நினைத்து, "இன்னொண்ணு?" என்றார். தலையாட்டி, அதையும் திணித்தேன்.

வியாபாரி என்னையே பார்த்தார். "இன்னா சார், இன்னிக்கு ஒண்ணுமே பேசல?"

தோழியின் குதிகால் என் காலை மிதித்தது. நான் தலையை மட்டும் இடமும் வலமும் ஆட்டினேன்.

அவர் முகம் மாறிவிட்டது. அவளிடம் திரும்பி, "இவரே சைலண்ட் ஆயிட்டாருன்னா, நெலம அவ்ளோ மோசமாம்மா?" என்றார்.

"ஆமாண்ணா. எடம் போச்சுன்னா பசங்களுக்கு வேற போக்கே இல்ல."

கொஞ்ச நேரம் மேஜையைத் தடவிக்கொண்டிருந்தார். "பாதி முடியாதும்மா. மூணுல ஒரு பங்கு தரேன். மீதிக்கு எங்க வியாபாரிங்ககிட்ட நானே கூட வந்து கேக்கறேன்."

சொன்னபடி வந்தார். கடை கடையாக அவர் கேட்டார், அவள் ரசீது போட்டாள், நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன். மழைக்கு முன்பே இடம் படிப்பகத்தின் பெயருக்குப் பதிவானது.