அத்தையின் பின்வாசல் கதவு

மாமியாரைச் சீக்கிரம் அனுப்பிவைக்கும் ஆர்வத்தில் அவர் வீட்டுக் கதவுக்குக் கைப்பட நீலப் பெயிண்ட் அடித்தவன் நான். பித்தளைத் தாழ்ப்பாள் ஒன்றும் வாங்கி, இவ்வளவு புத்தகம் படித்தவனுக்கு நாலு திருகாணி ஒரு காரியமா என்ற திமிரில், ஆசாரியைக் கூப்பிடாமல் நானே பொருத்தினேன். அந்தக் கதவு இன்றும் தண்டையார்பேட்டையில் எங்கள் கூடத்தில், ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நிற்கிறது. கரண்ட் போன நேரங்களில் அதன்மேல் மோதி, யாரோ நிற்கிறார்கள் என்று நினைத்து "சாரிங்க" என்றிருக்கிறேன். ஒருமுறை அல்ல.

அத்தையின் வீடு எர்ணாவூர் கடற்கரையில் இருந்தது. முன்வாசல் சந்துப் பக்கம் பார்க்கும், பின்வாசல் கடலைப் பார்க்கும். இறால் உரிக்கும் கம்பெனியில் விரல் வெந்து சம்பாதித்துக் கட்டிய ஓட்டு வீடு. மாமனார் போனபின் அதில் தனியாகவே இருந்தார். அந்த வரிசை வீடுகளுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. ஐப்பசியில் கடல் மணலை அரித்துக்கொண்டு நெருங்கும்போது, பின்வாசல் கதவைக் கீலிலிருந்து கழற்றிவிடுவார்கள். திருடன் வந்தால் பூட்டுகிறோம், கடல் வந்தால் கழற்றுவதா என்று கல்யாணமான புதிதில் கேட்டேன். அத்தைக்கு மாப்பிள்ளை என்றாலும் 'நீ'தான்.

"சாத்தி வெச்சா முட்டும் மாப்ளே. தொறந்து வுட்டா பின்னால வந்து முன்னால பூடும். நம்ம வூட்ல அதுக்கு இன்னா வேல?"

கதவும் அத்தையும் மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். மழைக்காலம் முழுக்கக் கூடம் இருவருக்கும் சொந்தம். அத்தையின் குறட்டையும் டிவி சீரியலும் போக மீதி இடத்தில் நான் படிப்பேன். பொங்கல் முடிந்ததும் இருவரும் திரும்பிவிடுவார்கள். எடுத்த மணலைக் கடல் அதற்குள் கொண்டுவந்து போட்டிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் போவோம். சித்திரையில் அந்த மணல் இவ்வளவு அகலமா என்றிருக்கும். கடலைத் தொடுவதற்குள் உள்ளங்கால் பழுத்துவிடும். ஆடியில் காற்று ரசத்தில் மணல் தூவும். "உப்பு கம்மின்னு சொன்னியே, வந்துச்சா?" என்பார் அத்தை. தை, மாசியில்தான் அந்தக் கரை ரொம்ப அமைதியாக இருக்கும். அனல்மின் நிலையப் புகை வடக்கே நேர்கோடாக எழும். அலை, பெரிய மனிதர் வீட்டில் செருப்பைக் கழற்றுகிறவன் மாதிரி, ஓசையில்லாமல் வந்துபோகும். பின்வாசல்படியில் உட்கார்ந்து கால் நீட்டினால், இந்த ஊரில் தொழிற்சாலை ஒன்று இருக்கிறது, நாளை காலை நான் அதில் கணக்கெழுதப் போகவேண்டும் என்பதே மறந்துபோகும்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் ஆகியிருந்தது. அந்த மார்கழிக் கடைசியில் அத்தை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வீடு இருக்கிறது, மணல்தான் இன்னும் வரவில்லை என்றார். "வராம எங்க போவப் போவுது? தை பொறக்கட்டும்." இந்த வருஷம் இங்கேயே இருந்துவிடு என்று என் மனைவி கெஞ்சினாள். "மவ வூட்ல நான் விருந்தாளிடீ. என் வூட்லதான் நான் மனுசி." நான் பெயிண்ட் டப்பா வாங்கப் போய்விட்டேன்.

பொங்கல் கழிந்த வாரம், மீன்பாடி வண்டியில் கதவைக் கிடத்தி, ஒரு பக்கம் அத்தை, ஒரு பக்கம் நான், சாமி ஊர்வலம் போல எர்ணாவூர் போய்ச் சேர்ந்தோம். சந்துமுனையில் ஆட்கள் நின்றிருந்தார்கள். எங்களைக் கண்டதும் வண்டிக்கு வழிவிட்டு விலகினார்கள்.

வீடு இல்லை. கடலில் ஒரு சுருக்கம்கூட இல்லை, கண்ணாடி மாதிரி கிடந்தது. அதன் விளிம்பில் ஓடுகள் குவிந்திருந்தன. பின்வாசல் நிலை மட்டும், சுவர் எதுவும் இல்லாமல், முழங்கால் தண்ணீரில் தனியே நின்றது. கடல் அதன் வழியாக வந்து, அதன் வழியாகவே போனது. புயலில் போயிருந்தால் புரிந்துகொண்டிருப்பேன். ஐப்பசி முழுக்க அடித்த அடிக்கு அசையாத வீடு, இப்படியொரு வெயிலில், இப்படியொரு அமைதியில் எப்படிப் போகும்? கதவின் இன்னும் காயாத விளிம்பை இறுகப் பிடித்திருந்தேன் என்பது உள்ளங்கையில் நீலம் ஒட்டியிருந்ததைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

"இன்னிக்கி காலீலதான்க்கா," என்றாள் பக்கத்து வீட்டுப் பெண். "அடில மண்ணே இல்ல. அப்டியே குந்திக்கிச்சு. அந்தாண்ட அலய தடுக்க கல்லு கொட்டுனதுல இருந்து இந்தாண்ட மண்ணு வரல."

அத்தை அழவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, அந்த நிலையைப் பிடித்துக்கொண்டு, வீடு இருந்த பக்கம் பார்த்து நின்றார். வழக்கமாக அதில் நின்று கடலைப் பார்ப்பவர். வண்டிக்காரர் பீடியை அணைத்துவிட்டுத் தலைமுண்டாசை அவிழ்த்தார். பெயிண்ட் வாசனை அந்த உப்புக் காற்றிலும் போகவில்லை.

இப்போது அங்கே கரை கிடையாது. பாறைகள், அதையொட்டிச் சாலை, சாலை முழுக்கக் கண்டெய்னர் லாரிகள். அத்தை அதன்பின் எங்கள் கூடத்திலேயே இருந்து, அங்கேயே போய்ச் சேர்ந்தார். கதவை விற்கலாம் என்று யார் சொன்னாலும் எனக்குக் கோபம் வரும். ஒரு ஞாபகத்தை நான் காப்பாற்றுகிறேன் என்று வருகிறவர்களிடம் கொஞ்சம் கம்பீரமாகவே சொல்லிவந்தேன்.

அந்தக் கம்பீரம் செல்லாதபடி அத்தை அப்போதே வழிசெய்துவிட்டார். வீடு போய்ப் பல வாரங்கள் கழித்து, பேச்சே குறைந்துபோயிருந்த ஒரு மத்தியானம், எழுந்துபோய்க் கதவைத் தடவிப் பார்த்தார். கும்பிடப்போகிறார் என்று நான் புத்தகத்தை மூடினேன். பித்தளைத் தாழ்ப்பாளை இழுத்துத் தள்ளிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"இன்னா மாப்ளே, தாப்பாள வெளிப்பக்கம் போட்டுகீறே? என்னிய உள்ள வெச்சி சாத்திட்டா திரும்பி வரமாட்டேன்னா?"