மெதுவாக இழுத்த ஏழு மாதம்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருத்தி இந்த முனையைப் பிடிப்பாள், இன்னொருத்தி அந்த முனையை. ஒரு உதறு, பிறகு ஒரு இழுப்பு. சூட்டில் காய்ந்த துணி ஓரத்தில் சுருங்கியிருக்கும். இருவரும் பின்னால் சாய்ந்து மூலைக்கு மூலை சுண்டி இழுத்தால்தான் ஓரத்துத் தையல் நேராகும். அப்போதுதான் இஸ்திரி உருளை அதைக் கோணாமல் வாங்கிக்கொள்ளும். பதினோரு வருடமாக என் எதிர் முனையைப் பிடித்தவர் நூலக்கா.

அம்மா அப்பா வைத்த பெயர் வேறு. அவர் மடித்தால் ஓரமும் ஓரமும் நூல் பிடித்த மாதிரி சேரும் என்பதால் கூடத்தில் எல்லோருக்கும் அவர் நூலக்கா. என்னைவிட மூன்று வயது மூத்தவர். வீட்டில் பக்கவாதம் வந்து படுத்த மாமியார். கணவருக்கு ஒரு கிடங்கில் காவல் வேலை. காலையில் மாமியாரைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்து, துடைத்து, ஊட்டிவிட்டு வேலைக்கு வருவார். சாயங்காலம் போய் மறுபடி தூக்கிப் படுக்க வைப்பார். நடுவில் எங்களோடு நாள் முழுக்க விரிப்பு. அவருக்கு ஓய்வு என்றால் பஸ்ஸில் உட்கார இடம் கிடைப்பதுதான்.

தோள் முதலில் கழன்றது, ஈரத் தரையில் வழுக்கி இடது கையை ஊன்றியபோது. இரண்டாம் முறை மேல் அலமாரியை எட்டியபோது. மூன்றாம் முறை என் கண்ணெதிரே, மூலை இழுப்பில். சத்தம்கூட இல்லை. தோளின் உருண்டை போய், பெட்டி மாதிரிச் சதுரமாகிவிட்டது. அந்த வலியிலும் வலது கையால் விரிப்பைப் பிடித்துக்கொண்டே நின்றார். துவைத்த துணி தரையில் படக்கூடாதாம்.

அந்த முறை மூட்டு டாக்டர் ஸ்கேன் எடுத்தார். துணைக்கு நான் போயிருந்தேன். தோள் எலும்பைத் தாங்குகிற கிண்ணத்தின் விளிம்பு கிழிந்திருக்கிறது, ஆபரேஷன் செய்து தைத்துவிட்டால் பிடிப்பு வரும் என்றார். ஆனால் ஆறு வாரம் கையைக் கழுத்தோடு தொட்டில் கட்டி வைக்க வேண்டும். பாரம் தூக்கவும் சுண்டி இழுக்கவும் ஆறு மாதத்துக்கு மேல் ஆகும். முழுதும் பழையபடி ஆகும் என்று சொல்ல முடியாது. இல்லாவிட்டால் பயிற்சி செய்து பார்க்கலாம். சிலருக்கு நிற்கும், சிலருக்குத் திரும்பத் திரும்பக் கழலும். முடிவை நீங்கள்தான் எடுக்க வேண்டும் என்றார்.

"அதை என்கிட்டயே விடுறதுக்கா டாக்டர் இவ்வளவு படிச்சீங்க?" என்று அக்கா கேட்டார்.

டாக்டர் சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. அவர் நிஜமாகவே கேட்டிருந்தார்.

ஆறு மாதம் மாமியாரை யார் தூக்குவது என்பதற்கு அந்த வீட்டில் பதில் இல்லை. அதனால் முதலில் பயிற்சி, வேலையில் தோள் தாங்குகிறதா என்று பார்ப்பது, தாங்காவிட்டால் ஆபரேஷன் என்று பேச்சு முடிந்தது. மாமியாருக்கு உடம்புதான் படுத்திருந்தது, வாய் படுக்கவில்லை. "கழண்டு விழுற கையை வச்சுக்கிட்டு என்னைத் தூக்குறா. ரெண்டு பேரும் சேர்ந்து விழுந்தா கூட்டி அள்ளத்தான் ஆள் வேணும்" என்று என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அக்கா வேலைக்குத் திரும்பிய அன்று காலையில் நான் கடவுளிடம் கேட்டது ஒன்றுதான். அந்தத் தோள் என் கையால் கழலக்கூடாது.

கேட்டதோடு விட்டிருக்கலாம். நான் இழுப்பைக் குறைத்தேன். பார்வைக்குப் பின்னால் சாய்வேன், கையில் வேகம் இருக்காது. அவர் சுண்டும்போது ஒரு விரல் அளவு துணியை விட்டுக்கொடுப்பேன். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பார் என்று தெரியும்.

உருளையில் நிற்பவர்தான் முதலில் கவனித்தார். "ஓரத்தைப் பார்த்தா பஸ் ஏறுற மலைப்பாதை மாதிரி இருக்கு. உங்களுக்கெல்லாம் கண்ணு போச்சா?" என்றார். உலர்த்தும் இயந்திரத்தில் சூடு அதிகம் என்று நான் சொன்னேன். அக்கா அதை நம்பி இயந்திரத்தைத் திட்டினார். தன் மடிப்பில் கோணல் வருவது பொறுக்காமல் பிரித்துப் பிரித்து மறுபடி மடித்தார். என் இரக்கத்தால் அவருக்கு இரட்டை வேலை ஆகிறது என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஏழு மாதம் தோள் கழலவில்லை. மறுபடி டாக்டரிடம் போனோம்.

"அதே வேலைதான், அதே இழுப்புதான். ஒண்ணும் ஆகலை டாக்டர்" என்றார் அக்கா.

அப்படியென்றால் இப்போதைக்குக் கத்தி வேண்டாம் என்றார் டாக்டர். நான் பக்கத்தில்தான் நின்றேன். வெளியே வந்ததும் அக்கா மருந்துக்கடைப் படியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். எவ்வளவு நாள் அசதி அது. நான் கடவுளுக்கு நன்றி சொன்னேன். சொல்லும்போது பல்லிடுக்கில் நார் சிக்கின மாதிரி ஏதோ உறுத்தியது. வாயைத் திறக்கவில்லை.

அடுத்த மாதம் எனக்குக் காய்ச்சல் வந்து நான்கு நாள் படுத்துவிட்டேன். என் இடத்தில் புயலை நிறுத்தினார்கள். புயல் என்பது ஈரத்துணி அள்ளுகிற ஒருத்தி, என் வயதுதான். அவள் கதவைத் திறந்தால் கைப்பிடி கையோடு வரும் என்பார்கள். அவள் பாவம், எல்லோரும் இழுக்கிற இழுப்பைத்தான் இழுத்தாள். மூன்றாவது விரிப்பிலேயே தோள் கழன்றுவிட்டது.

காய்ச்சல் விட்டதும் அக்கா வீட்டுக்குப் போனேன். கையைத் தொட்டில் கட்டிக்கொண்டு தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். உள்ளறையில் மாமியார். நாற்காலி காலியாக இருந்தது.

"புயலை யாரும் ஒண்ணும் சொல்ல வேணாம்னு சொல்லு. அவ அழுதுக்கிட்டே இருக்காளாம். தோள் நல்லாத்தான் இருந்துச்சு. என் நேரம்" என்றார்.

அதைக் கேட்டபின் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அக்கா நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டு நிமிர்ந்தார்.

"எத்தனை நாளா?"

"நீங்க திரும்பி வந்த மொத நாள்லேருந்து."

"டாக்டர் முன்னாடி நின்னியே."

"நின்னேன்க்கா."

"அப்போ அன்னிக்கு அவர்கிட்ட நான் சொன்னதெல்லாம் உன் கையைப் பத்தி. என் தோள் தாங்குதான்னு பாக்கத்தானே ஏழு மாசம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன்? அதைப் பாக்கவே விடாமப் பண்ணிட்டியே."

நான் அழுதேன். இனி லீவே போட மாட்டேன், எப்போதும் நானே எதிரில் நிற்கிறேன், இப்படியே மெதுவாக இழுக்கிறேன், கத்தி வேண்டாம் என்றேன்.

"அங்க நீ மெதுவா இழுப்பே. இங்க அத்தை மெதுவாக் கனப்பாங்களா?"

உள்ளிருந்து மாமியார் குரல் வந்தது. "கத்தி போட்டுக்கோ. நான் பாட்டுக்குப் படுத்துக் கிடக்கேன். எங்க ஓடிடப் போறேன்?"

அக்கா சுவரில் தலையைச் சாய்த்தார். "யோசிச்சு யோசிச்சே அலுத்துப் போச்சு. செஞ்சிடலாம்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும்.

அடுத்த வாரம் கையெழுத்துப் போட்டார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கணவர் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு காலையில் மாமியாரைத் தூக்கினார். சாயங்காலம் யாரும் கூப்பிடாமலே புயல் வந்தாள். "இவ தூக்கினா கூரையைத் தொட்டுட்டுத்தான் இறங்குறேன்" என்பார் மாமியார். துடைப்பதும் ஊட்டுவதும் என் பங்கு. அக்கா என்னை மன்னித்ததாகச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போதெல்லாம் கடவுளிடம் அது நடக்கக்கூடாது, இது நடக்கக்கூடாது என்று கேட்பதில்லை. சாயங்காலம் வரை கைக்குத் தெம்பு கேட்கிறேன்.

எட்டு மாதம் கழித்து, டாக்டர் சரி என்ற பிறகு, அக்கா மறுபடி விரிப்பு மடிக்க வந்தார். இடது கை பின்பக்கம் முழுதாகப் போவதில்லை. கொண்டை போடும்போது தலையைக் குனிந்து கையிடம் கொண்டு போகிறார். முதல் விரிப்பை உதறினோம். மூலையைப் பிடித்துக்கொண்டு, "இழு" என்றார்.

இழுத்தேன்.

"இது அந்தப் பழைய இழுப்பு. எனக்கு வேணாம்."

புயல் துணி வண்டியைப் பாதி வழியில் நிறுத்திவிட்டாள். கடவுளே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, பின்னால் சாய்ந்து, சுண்டினேன். அக்காவின் உதடு இறுகியது. வலது கை விரிப்பை விட்டுவிட்டு இடது தோளுக்குப் போனது. தொங்கின துணி தரையைத் தொடுவதற்குள் பிடித்துக்கொண்டார்.

"இடத்துலதான் இருக்கு" என்றார்.

ஓரத்தைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்தார். தையல் நேராக இருந்தது. பக்கத்து வண்டியில் விரிப்பு கழுத்து உயரத்துக்குக் குவிந்து கிடந்தது.

"ம். அடுத்ததை எடு."