தொட முடியாத சரக்கு

பங்குனி வெயிலில் காய்ந்த புளியின் வாசனை எங்கள் ஐந்தாம் வகுப்பறைச் சுவரில் ஊறியிருந்தது. பென்னாகரத்துப் பிள்ளைகளான நாங்கள் பெயர்ச்சொல் பழக வெள்ளிக்கிழமைதோறும் வகுப்பில் நடத்திய "பேர்ச் சந்தை"யில் புளியங்கொட்டைதான் காசு. வீட்டிலிருந்து கொண்டுவந்த பொருளைச் சாக்கில் பரப்பி, அதன் பெயரைக் கூவி விற்க வேண்டும். ராகி, கொடுவாள், கொலுசு என்று கண்ணால் கண்டதெல்லாம் விலைபோயின.

ஒரு வாரம், தொட முடியாத பெயர்களைக் கொண்டுவரச் சொல்லிவிட்டார் டீச்சர். என் பக்கத்தில் உட்காரும் செல்வி, தூக்கத்தை விற்கப்போவதாகச் சொல்லி, தூங்குகிற கைக்குழந்தைத் தம்பியைத் தோளில் சுமந்துவந்து சாக்கில் கிடத்தினாள். "தூக்கம்! நல்ல தூக்கம்!" என்று அவள் கூவிய கூவலிலேயே அவன் விழித்து வீறிட்டான். "சரக்கு ஓடிப்போச்சு, சாக்குதான் நனைஞ்சிருக்கு!" என்று வகுப்பே கத்தியது. டீச்சருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. "தம்பியத் தொடலாம், தூக்கத்தத் தொட முடியாது. ஆனா போனது தெரிஞ்சுதா இல்லியா?" என்றார்.

இப்போது என் மகளுக்கு அதே பாடம். போன மாதம் ஒகேனக்கல்லில் கரையேறும்போது பரிசல் சாய்ந்து அவள் தண்ணீருக்குள் போனதையும், பரிசல்காரர் சடையைப் பிடித்து மேலே இழுத்ததையும் என் உடம்பு இன்னும் மறக்கவில்லை. அவளோ அன்றிலிருந்து நீச்சல் பழக வேண்டும் என்கிறாள். நான் மறுத்துக்கொண்டே இருந்தேன். பாடம் சொல்லித்தருகையில், "பயமும் தொட முடியாததுதானேம்மா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

"எனக்குப் போயிடுச்சு. உனக்குத்தான் இன்னும் இருக்கு."

நீச்சல் சொல்லித்தர வரச்சொல்லி என் தம்பிக்குப் போன் செய்தேன்.

அந்த ஓட்டு வகுப்பறையும் பேர்ச் சந்தையும் இன்று இல்லை. நீச்சல் பழக முதுகில் கட்டும் சுரைக்குடுக்கைகூடப் போய் பிளாஸ்டிக் கேன் வந்துவிட்டது. ஞாயிறு காலை அப்படியொரு கேனைக் கட்டிக்கொண்டு மகள் எங்கள் கிணற்றில் இறங்கினாள். தண்ணீரில் என் தம்பி, மேல்படியில் அவள் இடுப்புக் கயிற்றைப் பிடித்தபடி நான்.

"இப்படி இழுத்துப் புடிச்சா புள்ள எப்படிக்கா நீந்தும்? கயித்த வுடு!" என்றான் தம்பி.

"அம்மா வுட மாட்டாங்க மாமா" என்று சிரித்தாள் மகள்.

பயத்தோடேயே ஒரு முழம் விட்டேன். பிறகு இன்னொரு முழம்.