மைனாவின் இடது முன்னங்கால்

நாகல் நகர் சைதூனுக்குக் குதிரை என்றாலே பயம். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் புருஷன் மீராசாவின் ஜட்கா வண்டியில் எத்தனையோ தடவை ஏறியிருக்கிறாள்; ஆனால் அதை இழுக்கும் குதிரை மைனாவின் எதிரே ஒருநாளும் போய் நின்றதில்லை.

1957 ஐப்பசியில் ரயில்வே கேட்டைக் கடக்கையில் மைனாவின் இடது முன்னங்கால் தண்டவாள இடுக்கில் மாட்டிக்கொண்டது. எலும்பு தப்பியது, நரம்பு பிசகிவிட்டது. இரண்டு மாதத்தில் வீக்கம் வற்றியும் நொண்டல் போகவில்லை.

"தினம் மெதுவா நடத்துங்க. அப்புறம் செத்த நேரம் தண்ணியில நிறுத்துங்க. கால்ல சூடு தெரிஞ்சா விட்டுருங்க" என்றார் மாட்டாஸ்பத்திரி டாக்டர்.

மீராசாவோ வேறொருவர் வண்டியை ஓட்டப் போய்க்கொண்டிருந்தான். "நான் நடத்துறேன்" என்று சைதூன் சொல்லிவிட்டாள்.

முதல் நாள் கயிற்றின் நுனியைப் பிடித்தபடி போனாள். மைனா தும்மியதும் கயிற்றைப் போட்டுவிட்டு ஓடினாள். திரும்பிப் பார்த்தால் குதிரை நின்ற இடத்திலேயே நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மதுரை ரோட்டோரம் முதலில் நாலு தந்திக் கம்பம் தூரம், பிறகு ஆறு, பிறகு பத்து. நடக்க நடக்க ஒன்று பிடிபட்டது: நோகிற கால் தரையில் படும்போதெல்லாம் மைனாவின் தலை மேலே எழும்பும். அன்றிலிருந்து சைதூன் காலைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தலையையே பார்த்தாள். மாசியில் அந்தத் துள்ளல் பாதியாகக் குறைந்திருந்தது.

அந்த நேரம் பார்த்து, சின்னாளப்பட்டிக் கல்யாணத்துக்கு ஆள் ஏற்ற மீராசா மைனாவைப் பூட்டிவிட்டான். சாயங்காலம் அது மூன்று காலில் வந்தது. சைதூன் தொட்டுப் பார்த்தாள். கால் கொதித்தது.

"என்னங்க, அம்புட்டு நாள் நடந்ததெல்லாம் போச்சே."

"லேசாத்தானே நொண்டுச்சு, புள்ள."

அவள் சேணத்தைத் தூக்கி அடுப்படிப் பரணில் போட்டாள். "நான் சொல்ற வரைக்கும் இது கீழ எறங்காது."

பத்து நாள் ஓய்வு. பிறகு மறுபடி முதல் கம்பம். சித்திரை போயிற்று, வைகாசியும் போயிற்று. ஆனி மாதம் ஒரு காலையில் மைனாவின் தலை ஒரே மட்டத்தில் போவதைக் கண்டு, மீராசாவைக் கையோடு இழுத்து வந்தாள்.

"ஓட்டிப் பாக்கப் போறேன். தலையை மட்டும் பாருங்க."

சைதூன் ஓடினாள். மைனாவும் கூடவே ஓடியது. முந்தானை நழுவியது, ஒரு செருப்பு கழன்று போயிற்று. ஜட்கா ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் எழுந்துவிட்டார்கள். தார் ரோட்டில் குளம்புகள் தடதடவென்று ஒரே சீராக விழுந்தன. பின்னால் மீராசா கத்திக்கொண்டே ஓடி வந்தான்: "ஆடல புள்ள, தலை ஆடவே இல்ல!"

நிறுத்த அவளுக்கு மனசு வரவில்லை. இன்னும் இரண்டு கம்பம் ஓடிவிட்டுத்தான் நின்றாள்.

மைனா அதன் பிறகு எட்டு வருஷம் வண்டி இழுத்தது. நொண்டும் குதிரையோடு வாசலில் யாராவது வந்து நிற்பது அந்த வீட்டில் வழக்கமாகிவிட்டது. ஜட்கா ஸ்டாண்டு வண்டிக்காரர் ராயப்பராஜ்தான் தன் குதிரையோடு முதலில் வந்தார். சைதூன் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, நேராகக் குதிரையின் எதிரே போய் நின்றாள்.