பதினான்காம் கேள்விக்கு என் அண்ணன் சொன்ன பதில்

மனிதன் எப்படி முடிவெடுக்கிறான் என்று ஆராய்கிறவர்களைக் கண்டால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். லாப நஷ்டம் பார்க்கிறான் என்பார் பொருளாதாரம் படித்தவர். எல்லாம் பயமும் ஆசையும் என்பார் உளவியல்காரர். சாதி, சபை, சொந்தம் என்பார் மூன்றாமவர். மூன்றையும் சேர்த்து ஒரே புத்தகமாகப் போட்டுவிட வேண்டும் என்று சென்னையிலிருந்து ஒரு பேராசிரியர் எங்கள் பக்கம் வந்தார். மலையாளப் பக்கம் இருந்த எங்கள் நெய்யாற்றின்கரை தாலுகாவைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று எல்லைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த காலம். பாறசாலையில் நாலு பேர் கூடி நின்றால் போலீஸ் லத்தியோடு வந்துவிடும். முடிவெடுப்பதைப் பற்றி ஆராய இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று அவர் சந்தோஷமாகச் சொன்னார். ஆமாம், சந்தோஷமாக!

நான் அப்போது எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். வீடுகளுக்குள் போய்ப் பேச ஒரு பெண் வேண்டும் என்று என்னைச் சேர்த்துக்கொண்டார். ஒழுங்காக வேலை செய்தால் அவரிடமே ஆராய்ச்சி மாணவியாகச் சேரலாம் என்றும் சொல்லியிருந்தார். மொத்தம் இருபது கேள்விகள். பதினான்காவதுதான் உயிர்: இந்தத் தாலுகா எந்த மாநிலத்தோடு சேர வேண்டும்?

என் அண்ணன் அமரவிளையில் தையல்கடை வைத்திருந்தான். முந்தின வருஷம் ஒரு கூட்டத்தில் கோஷம் போட்டான் என்று போலீஸ்காரர்கள் பிடித்துக்கொண்டு போய், வலது கை விரல்களை நசுக்கி அனுப்பினார்கள். இரண்டு விரல் மடங்காது. கத்திரியை இடது கையால் பிடிக்கப் பழகிக்கொண்டான். அதற்குப் பிறகு எல்லை என்ற பேச்சையே எடுக்கமாட்டான். சும்மா கிடந்தவனை வாய் திறக்க வைத்தவள் நான்.

“பேரு வெளிய போவாது அண்ணா. ஆனா பேப்பரு மேல போவும். எல்லையை முடிவு பண்ணுறவங்க வாசிப்பாங்க,” என்றேன். பேராசிரியர் என்னிடம் அப்படித்தான் சொல்லியிருந்தார்.

“சத்தியமாட்டு வாசிப்பானுவளா மக்கா?”

“வாசிப்பாங்க.”

“அப்பம் எழுது. தமிழ்நாட்டோடதான் சேரணும். எனக்க கை போனதும் அதுக்காக்கும். அதையும் எழுது.”

கை போனதை எழுதத் தாளில் இடமே இல்லை. ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதினேன்.

சொன்ன பதிலில் ஆள் நிற்கிறானா என்று பார்க்க, ஒரு வாரம் கழித்து அதே வீடுகளுக்கு இன்னொருவரை அனுப்பியிருக்கிறார் பேராசிரியர். என்னிடம் மூச்சுவிடவில்லை. போனவர் நெய்யாற்றின்கரை டவுன்காரர், மலையாளத்தில் கேட்டார். நல்ல மனுஷர்தான், அவரைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் முன்பின் தெரியாத ஆள் நோட்டும் பேனாவுமாகக் கடை வாசலில் வந்து நின்று, எந்த மாநிலம் வேண்டும் என்று மலையாளத்தில் கேட்டால், லாக்கப்பில் அடி வாங்கியவன் என்ன சொல்வான்? “இவிடத் தன்னே மதி சாறே,” இங்கேயே போதும் என்று சொல்லி, டீயும் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டான். அவன் மட்டுமா, ஊரில் பாதிப் பேர் அப்படித்தான். எங்களுக்கு இரண்டு பாஷையும் ஒரே வாயில் வரும். யாரிடம் எதைச் சொல்லலாம் என்பதை மட்டும் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டோம்.

பேராசிரியர் இரண்டு வாரத்துத் தாள்களையும் ஒப்பிட்டார். இரண்டு தடவையும் ஒரே பதில் சொன்னவர்களைத் தனியாகக் கட்டி வைத்தார். மற்றவற்றை என் பக்கம் தள்ளினார்.

“இவர்கள் உறுதியற்றவர்கள். குறுக்கே கோடு போட்டு நீக்கிவிடுங்கள்.”

மேலாகக் கிடந்தது அண்ணனின் தாள். எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறிவிட்டது.

“சார், இது என் அண்ணன். இந்தப் பதிலுக்காக விரல் நசுங்கினவன். இவனா உறுதி இல்லாதவன்?”

அவர் சத்தம் போடவில்லை. ஓரத்தில் எழுதியிருந்ததைப் படித்துக்கூடப் பார்த்தார். “அடி வாங்கினீர்களா என்று நாம் கேட்கவில்லையே அம்மா. கேட்காததை எங்கே சேர்ப்பது?” என்றார்.

அடப்பாவி மனுஷா! பயத்தைப் பற்றி ஒரு அத்தியாயமே எழுதப் போகிறவர் இவர். பயம் கண் முன்னால் தாளாகக் கிடக்கிறது, தெரியவில்லை.

அந்தத் தாளைப் பிடுங்கிக்கொண்டு நான் வெளியே வந்திருக்க வேண்டும். வரவில்லை. வந்தால் ஆராய்ச்சி இடம் போய்விடும். லாபமா, பயமா, மூன்று துறைக்காரர்களும் கூடி உட்கார்ந்து என்னை ஆராயட்டும். ஒவ்வொரு தாளாகக் கோடு போட்டேன். அண்ணனுடையதிலும் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வரும் வழியில் அண்ணன் கேட்டான்.

“எனக்க பேப்பரு மேல போச்சா மக்கா?”

“போச்சு அண்ணா.”

அவன் முகம் மலர்ந்ததைப் பார்க்க முடியாமல் நான் வேகமாக முன்னால் நடந்தேன்.

பிறகு மாநிலங்களைப் பிரித்தார்கள். பக்கத்து விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டுப் பக்கம் போயிற்று. நாங்கள் மலையாளப் பக்கமே நின்றோம். அன்றைக்கு அண்ணன் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்து கத்தினான். “எனக்க பேப்பர வாசிச்சிட்டும் இப்பிடிச் செய்திருக்கானுவளே! கை போன காரியத்தையும் வாசிச்சிருப்பான்லா? அவன் மனுசனா?”

சாகிற வரைக்கும், வாசித்தும் மனம் இரங்காத அந்த ஒருவனை அண்ணன் திட்டிக்கொண்டே இருந்தான். நான் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அப்படி ஒருவன் கிடையாது என்று ஒரு நாளும் சொல்லவில்லை.