ஒரே பெயரில் பத்துப் பேர்

சாஜிதா பேகத்துக்கு வயது நாற்பத்தொன்று. கோவையில் துடியலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் ஒன்பது வருடமாகக் கம்ப்யூட்டர் லேப் பார்த்தார். அரசு வேலை அல்ல. பெற்றோர் ஆசிரியர் கழகம் வைத்த ஆள். மார்ச்சில் கமிட்டி கூடி இன்னொரு வருடம் நீட்டினால் வேலை உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஒன்பது வருடமும் நீட்டினார்கள். பழைய மில் தொழிற்சங்கத்து ஆள் நான்; இதை நிரந்தரம் என்று நம்பிக்கொள்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சாஜிதா நம்பவில்லை. எதையும் பெரிதாக நினைப்பதை அவர் விட்டு நாளாகிறது.

பிப்ரவரியில் பள்ளி, பி.டி.எஃப். திருத்தும் மென்பொருள் ஒன்றை வாங்கியது. மாணவர் பட்டியலில் பெயரோ பிறந்த தேதியோ தப்பாக இருந்தால் வகுப்பாசிரியர்களே அதில் திருத்தி அனுப்ப வேண்டும். மொத்தம் பத்து ஆசிரியர்கள். மார்ச் முதல் வெள்ளி, மூன்று மணி கடைசி. வியாழக்கிழமை ஆகியும் ஒரு பட்டியல்கூட முடியவில்லை. பாதி திருத்தும்போதே மென்பொருள் ஆளை வெளியே தள்ளிவிட்டு மறுபடி பாஸ்வேர்டு கேட்டது.

தலைமையாசிரியை அமலி கூப்பிட்டார்.

"ஏனுங்க சாஜிதா, நாளைக்கு மூணு மணிக்குள்ள இதைச் சரி பண்ணிப்போடுங்க. வர்ற புதன் கமிட்டி. லேபுக்கு இன்னும் ஆள் வேணுமான்னு கேக்கறாங்க. நான் என்னத்தச் சொல்றது?"

"சரிங்க மேடம்."

இரண்டு கம்ப்யூட்டரில் மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி ஏற்றிப் பார்த்தார். இன்டர்நெட் கேபிளைப் பார்த்தார். கோளாறு அங்கெல்லாம் இல்லை. கடைசியில் எட்டாம் வகுப்பு ஆசிரியை மௌனிகாவின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார். திரையில் ஒரு கேள்வி வந்தது. இந்தப் பெயரில் வேறு இரண்டு கம்ப்யூட்டர்கள் திறந்திருக்கின்றன, அவற்றை மூடலாமா? மௌனிகா படிக்காமலே அமுக்கினார்.

"மிஸ், என்ன கேக்குதுன்னு பாத்தீங்களா?"

"தினமும் கேக்குதுங்க. ஆமான்னு குடுத்தா உள்ள உடுது. அப்பறம் எதுக்குப் பாக்கோணும்?"

பக்கத்து அறையிலிருந்து கணக்கு ஆசிரியர் சசிதரின் குரல் வந்தது. "ஏனுங்க மிஸ், எனக்கு மறுக்காப் போயிருச்சுங்க!"

"அச்சச்சோ, எனக்கு இப்பத்தானுங்க சார் வந்துச்சு!"

விஷயம் அவ்வளவுதான். பத்துப் பேருக்கும் தனித்தனியாக நுழைய உரிமை வாங்கியிருந்தது பள்ளி. ஆனால் பத்துப் பேரும் தலைமையாசிரியையின் பெயரிலேயே நுழைந்தார்கள். அங்கே சுற்றறிக்கை, பரிசுக் கோப்பை, மரக்கன்று எல்லாம் அவர் பெயரில்தான். மரியாதை. சொந்தப் பெயரில் போனால் சொந்த போனுக்கு ஓ.டி.பி. வரும் என்ற பயம் வேறு. ஒரு பெயருக்கு ஒரு நேரத்தில் இரண்டு கம்ப்யூட்டர்தான் திறக்கும். மூன்றாவது ஆள் நுழைந்தால் முதல் இரண்டு பேர் வெளியே. பத்து நாளாக ஒருவரையொருவர் வெளியே தள்ளிக்கொண்டிருந்தார்கள், வாங்க போங்க குறையாமல். தொழிலாளியை வைத்தே தொழிலாளியைத் தள்ள மில் முதலாளிகள் எவ்வளவு பாடுபட்டார்கள்! இங்கே யாரும் பாடுபடவில்லை.

"எல்லாரும் உங்க பேர்ல போறாங்க மேடம். அதானுங்க" என்றார் சாஜிதா, அமலியிடம் போய்.

"எம் பேர்ல போனா என்னங்க தப்பு? பள்ளிக்கூடமே எம் பேர்லதான நடக்குது?"

"ஒரு பேருக்கு ரெண்டு கம்ப்யூட்டர்தானுங்க. பத்துப் பேருக்கும் தனித்தனியாப் போட்டுடறேனுங்க."

அமலி, ஆள் சேர்க்கும் நிர்வாகப் பக்கத்துக்கான பாஸ்வேர்டை அடித்துக் கொடுத்தார்.

வெள்ளி காலை சசிதர் போனைக் கையால் மூடிக்கொண்டார். "ஓ.டி.பி.ய யாருகிட்டயும் சொல்லக் கூடாதுங்கறாங்களே?"

"சொல்ல வேண்டாங்க சார். நீங்களே அடிங்க. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன்."

"செவுத்துல கண்ணாடி கிண்ணாடி ஒண்ணும் இல்லீங்களே?"

"சுண்ணாம்புதானுங்க சார்."

பத்துப் பேருக்காகப் பத்து முறை சுவரைப் பார்த்து நின்றார். இரண்டு நாற்பதுக்குப் பத்தாவது பட்டியலும் போய்ச் சேர்ந்தது. யாரும் யாரையும் தள்ளவில்லை.

புதன்கிழமை கமிட்டி கூடியது. வியாழன் அமலி கூப்பிட்டார்.

"அருமையாச் செஞ்சுபோட்டீங்க. கமிட்டியிலயும் சொன்னேனுங்க. அவங்கவங்களே உள்ள போயிக்கறாங்கன்னா அப்பறம் ஆள் எதுக்குன்னு கேட்டுட்டாங்க."

"இந்த மாசத்தோட நின்னுக்கறதுங்களா மேடம்?"

"ஆமாங்க. எப்படிச் செஞ்சீங்கன்னு ஒரு பேப்பர்ல எழுதி வெச்சிருங்க."

சாஜிதா இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தார். அவர் தெருவில்தான் நான் குடியிருக்கிறேன். "ஏன் அம்மணி எழுதிக் குடுத்த?" என்று சத்தம் போட்டேன்.

"கேட்டாங்க, எழுதிப்போட்டேனுங்க."

அழுகை இல்லை, கோபம் இல்லை. துண்டறிக்கை போட அந்த முகத்தில் ஒரு வரி கிடைக்கவில்லை.

மார்ச் முப்பத்தொன்று மாலை பஸ் ஸ்டாப்பில் நின்றபோது மௌனிகாவின் போன் வந்தது.

"ஏனுங்க சாஜிதா, கெளம்பிட்டீங்களா? புது பாஸ்வேர்டு கேக்குதுங்க. நீங்க எழுதின பேப்பர ஆபீஸ்ல வெச்சுப் பூட்டிட்டாங்க."

"பழச ஒருக்கா அடிங்க மிஸ். கீழ புதுச ரெண்டு தடவ."

உக்கடம் பஸ் வந்து நின்றது. சாஜிதா ஏறவில்லை. பஸ் போனது.

"வந்துருச்சுங்க! நாளைக்கு லேபுக்கு வாரேன், நேர்ல ஒருக்காக் காட்டிருங்க."

"நாளைக்கு நான் இல்லீங்க மிஸ்."

"லீவுங்களா?"

"ஆமாங்க" என்றார் சாஜிதா.