வாங்காத ஐந்து லட்சம்

காந்தாவின் வலது கை விரல்கள் இரண்டு, நூல் சுற்றும் ஒரு தார்க்குச்சியோடு சேர்த்துப் பட்டு நூலால் இறுகக் கட்டப்பட்டிருந்தன. இடது கை ஊடைநூல் ஓட்டும் நாடாவை வீசியது, பிறகு அதுவே தறிப் பலகையை இழுத்து அடித்தது. அடிக்கு அடி கட்டுப்போட்ட விரல்கள் துடித்தன. ஆனால் புடவையின் கரையும் உடலும் சேரும் கோர்வையில் ஓர் இழை பிசகவில்லை.

அந்த விரல்கள் முறிந்ததும் இதே பலகையில்தான்.

காந்தாவின் கணவன் ஜெயக்குமாருக்கு ஓர் அண்ணன், ஆனந்தகுமார். இரண்டு சிறுநீரகமும் போய், வாரம் மூன்று முறை டயாலிசிஸில் கிடந்தார். ஜெயக்குமாருக்கு ரத்தக் கொதிப்பு. தானம் தர ஆகாது என்று டாக்டர்கள் அவனைக் கழித்துவிட்டார்கள். காந்தாவின் ரத்தம் பொருந்தியது. பொருந்திய நாளிலிருந்து அடி.

"ரெண்ட வச்சிக்கினு இன்னாடி பண்ணப் போற?" முடியைப் பிடித்துத் தறிக்காலில் மோதினான். கன்னம், தொடை, தோள் என்று எங்கும் விழுந்தது. இடுப்புக்கு மேல் விலாப்பக்கம் மட்டும் தொடமாட்டான். அது அண்ணனுக்கு வேண்டியது.

சென்னை ஆஸ்பத்திரியில் ஆலோசனை சொல்லும் பெண்ணிடம் காந்தா முடியை விலக்கித் தலையிலிருந்த தையலைக் காட்டினாள்.

"குடும்பம்னா அப்படி இப்படித்தாம்மா. பேசித் தீத்துக்கோங்க. பணம் கிணம் மட்டும் வாங்கிடாதீங்க, அது குத்தம். கமிட்டியில அதத்தான் கேப்பாங்க."

காந்தா அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டாள்.

உறுப்பு தானத்துக்கு அனுமதி தரும் கமிட்டியில் நான்கு பேர். ஜெயக்குமார் அவளை உரசிக்கொண்டு நின்றான்.

"பாசத்துலதானே தர்றீங்க? பணம் ஏதாச்சும் வாங்கினீங்களா?"

"வாங்கினேன் சார். அஞ்சு லட்சம்."

"ஐயோ, பொய் சார்! ஒத்த பைசா குடுக்கல சார்!" என்று ஜெயக்குமார் அலறினான். அவன் சொன்னது முழு உண்மை. தலைத் தையலை எழுதிக்கொள்ள ஆளில்லை. வாங்காத பணத்தை நான்கு பேரும் எழுதினார்கள். மனு தள்ளுபடி.

பிள்ளையார்பாளையம் வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் கையை இழுத்துத் தறியில் வைத்துப் பலகையால் ஓங்கி அடித்தான். விரல்கள் முறிந்தன. அவன் மறுபடி ஓங்கினான். பாவு இறுக்கும் கழியை இடது கையால் உருவி அவன் முழங்காலில் போட்டாள் காந்தா. சுள்ளி ஒடிவதுபோல் சத்தம் கேட்டது. அவன் சுருண்டு விழுந்தான்.

"கேட்டிருந்தா யோசிச்சிருப்பேன்யா. ஒரு தடவயாச்சும் கேட்டியா?"

அக்கம்பக்கத்தார் அவனை ஆட்டோவில் தூக்கிப்போட்டு அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். பிறகு அவன் இந்தப் பக்கம் வரவில்லை. ஆனந்தகுமார் டயாலிசிஸுக்குப் போகும் வண்டி மட்டும் இந்தத் தெரு வழியாகத்தான் போகிறது. அந்தச் சத்தம் கேட்டால் நாடா சற்று நிற்கும். வண்டி முனை திரும்பியதும் ஓடும்.

பதினெட்டு நாளில் முடிய வேண்டிய புடவைக்கு நாற்பது நாள் ஆனது. மடித்து எடுத்துக்கொண்டு பட்டுக்கடை பத்மராஜிடம் போனாள்.

"லேட்டாயிடுச்சு மொதலாளி. எடது கையால குடுக்கறேன், தப்பா நெனச்சுக்காதீங்க."

பத்மராஜ் அவள் விரல்களில் கட்டியிருந்த தார்க்குச்சியைப் பார்த்தார். எழுந்து நின்று, இரண்டு கைகளையும் நீட்டிப் புடவையை வாங்கிக்கொண்டார்.